ராமன் எடுத்த குரூப், ராதாகிருஷ்ணன் எடுத்த குரூப்

இந்த எபிசோடு ஒரு குடும்பச் சண்டையில் ஆரம்பித்தது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீடு வெள்ளானூர்ல. ஆவடிக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம். காலையில் ஏழு மணிக்கு ரோட்டில் நின்றால் ஒன்றன் பின் ஒன்றாக இன்ஜினியரிங் காலேஜ் பஸ்தான் போகும். அப்படி ஒரு பஸ்ஸில் நாலு வருஷம் போய் வந்தவன்தான் நானும். அடுத்த தெருவில் சித்தப்பா வீடு. சித்தப்பா பொண்ணு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஃபர்ஸ்ட் குரூப், நல்ல மார்க். அவளுக்கு சைக்காலஜி படிக்கணும். சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி: "சயின்ஸ் குரூப் படிச்சிட்டு எதுக்கும்மா ஆர்ட்ஸுக்குப் போற?" அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ இன்ஜினியர்தானே, நீயாவது எடுத்துச் சொல்லுடா."

நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. பௌதிகம் சயின்ஸ், மனசு ஆர்ட்ஸ். இதை யார், எப்போ முடிவு பண்ணினாங்க? தேடிப் போனதில் 1904-ஆம் வருஷத்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அப்போது நம்ம ஊர்ப்பக்கத்தில் உயர்கல்வி என்றால் ஒரே பெயர்தான், 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம். பள்ளி முடித்ததும் எஃப்.ஏ. என்று ஒரு படிப்பு. அதைத் தாண்டினால் பி.ஏ. இந்த ஒரே வரிசையில், 1904-இல், மூன்று பையன்கள் மூன்று படிகளில் நிற்கிறார்கள். மூன்று பேரும் ஒரு வருஷத்துக்குள் பிறந்தவர்கள். 1887 டிசம்பரில் பிறந்த ராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலை முடித்துவிட்டு எஃப்.ஏ. சேர்கிறார். 1888 செப்டம்பரில் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிஸ் காலேஜில் எஃப்.ஏ. முடித்துவிட்டு பி.ஏ. படிக்கச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வருகிறார். 1888 நவம்பரில் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், மெரினா எதிரே இருக்கிற மாநிலக் கல்லூரியில், அதாவது பிரசிடென்சியில், பி.ஏ.வையே முடித்துவிடுகிறார். முதல் இடம், பௌதிகத்தில் தங்கப் பதக்கம். இன்றைய கணக்கில் அந்த வயசுப் பையன் பத்தாவதிலோ பதினொன்றாவதிலோ இருப்பான்.

திருத்தணிக்காரர் என்றதும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மறைக்க மாட்டேன். 1960 ஏப்ரலில்தான் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்ம பக்கம் வந்தது. இன்று அதுவும் வெள்ளானூரும் ஒரே மாவட்டம். ஆவடி ஸ்டேஷனில் திருத்தணி லோக்கல் ஏறினால் போய்விடலாம்.

அந்தக் காலத்து பி.ஏ.வில் ஒரு சிறப்புப் பாடம் எடுக்கணும். ராதாகிருஷ்ணனே பின்னால் எழுதியிருக்கிறார், அவர் முன்னால் ஐந்து கதவுகள் இருந்தன: கணிதம், பௌதிகம், உயிரியல், தத்துவம், வரலாறு. தத்துவம் என்று நாம் சொல்கிற அந்தக் கதவின் மேல் அன்றைக்கு மாட்டியிருந்த பெயர்ப்பலகைதான் சுவாரசியம். 'மென்டல் அண்ட் மாரல் சயின்ஸ்'. பக்கத்துக் கதவில் 'பிசிக்கல் சயின்ஸ்'. அதாவது பொருளைப் பற்றிய சயின்ஸ் ஒன்று, மனசைப் பற்றிய சயின்ஸ் ஒன்று. ரெண்டுக்கும் பெயரில் சயின்ஸ் உண்டு. ரெண்டுக்கும் கொடுத்த டிகிரி பி.ஏ.!

நோபல் பரிசு வாங்கின சர் சி.வி. ராமன் பி.எஸ்சி. படிக்கவில்லை. அவர் பி.ஏ., எம்.ஏ. சித்தப்பா கணக்குப்படி பார்த்தால் ராமன் ஆர்ட்ஸ்.

ராதாகிருஷ்ணன் எப்படி அந்தக் கதவைத் தேர்ந்தெடுத்தார்? ஆழ்ந்த சிந்தனை, ஆன்மிகத் தேடல், இப்படி ஏதாவது எதிர்பார்ப்போம். நடந்தது வேற. உறவுக்கார அண்ணன் ஒருத்தர் அந்த வருஷம்தான் அதே கல்லூரியில் டிகிரி முடித்தார். முடித்ததும் தன்னோட பாடப் புத்தகங்களைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். மூன்று புத்தகங்கள்: ஸ்டவுட் எழுதிய சைக்காலஜி, வெல்டன் எழுதிய லாஜிக், மெக்கென்சி எழுதிய நீதிநெறி நூல். வசதியான குடும்பம் இல்லை. புத்தகம் கையில் வந்தது, பாடம் முடிவாகிவிட்டது. இது வெறும் தற்செயல்தானா என்று பிற்பாடு அவரே யோசித்து எழுதியிருக்கிறார்.

நாட்டின் ரெண்டாவது குடியரசுத் தலைவர், ஆசிரியர் தினத்தின் நாயகர், உலகத்துக்கே இந்தியத் தத்துவத்தை விளக்கியவர். எல்லாத்துக்கும் ஆரம்பம், அண்ணன் கொடுத்த பழைய புத்தகம். நம்ம வீடுகளில் சீனியர் அக்காவோட நோட்ஸ் கிடைக்கும் என்பதற்காகவே பயோ-மேத்ஸ் எடுத்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்!

அந்த மூன்று புத்தகங்களில் முதல் புத்தகம் சைக்காலஜி என்பதைக் கவனியுங்க. மென்டல் சயின்ஸ் பாடத்தின் நுழைவாயிலே அதுதான். மனசு எப்படிக் கவனிக்கிறது, எப்படி நினைவில் வைக்கிறது, எப்படிப் பழகுகிறது என்று தெரிந்துகொண்டு, அதுக்கப்புறம்தான் லாஜிக், நீதிநெறி, வேதாந்தம் எல்லாம்.

இப்போ பக்கத்துக் கதவுக்கு வருவோம்.

கிறிஸ்தவக் கல்லூரி அன்று தாம்பரத்தில் இல்லை. அங்கே போனது 1937-இல். அப்போது ஹைகோர்ட் எதிரே பாரிமுனையில் இருந்தது. அங்கிருந்து பிரசிடென்சி ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். பி.ஏ. முடித்த ராமன் அங்கேயே எம்.ஏ. சேர்ந்தார். பேராசிரியர் பெயர் ஜோன்ஸ். பையன் எங்கேயோ போகிறவன் என்று புரிந்துகொண்டு, வகுப்பில் கட்டிப் போடாமல் லேபில் இஷ்டத்துக்கு வேலை செய்ய விட்டுவிட்டார். லேபில் பெரிய கருவி ஒன்றும் கிடையாது. ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது. அதில் ப்ரிசத்தின் கோணத்தை அளக்கிற பரிசோதனை.

இன்ஜினியரிங் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள். ஆமாம், அதே பரிசோதனைதான். முதல் வருஷம் பிசிக்ஸ் லேபில் நாமும் செய்தது. 'செய்தது' என்பது கொஞ்சம் அதிகம். நான் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங்கை எழுதினேன், கோணம் 60 டிகிரி வரும்படி நடுவில் ரெண்டு எண்ணை மாற்றினேன், கையெழுத்து வாங்கினேன். டெலஸ்கோப்பில் என்ன தெரிந்தது என்று இன்று கேட்டால், மங்கலாக ஒரு கோடு.

ராமன் அந்தக் கோட்டைப் பார்த்தார். ப்ரிசத்தின் முகத்தில் வெளிச்சம் ரொம்பச் சாய்வாக விழும்போது அந்த முகமே ஒரு குறுகிய சந்து மாதிரி ஆகிவிடுகிறது. சந்து வழியா வருகிற ஒளி பட்டை பட்டையாக விரியும், அது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் இங்கே ரெண்டு பக்கமும் பட்டைகள் சமமாக இல்லை. புத்தகத்தில் சமமாக இருக்கும். எங்க பேட்ச்சில் யாராவது இதைப் பார்த்திருந்தால் "ரீடிங் தப்பு" என்று அழித்திருப்போம். அவர் அளந்து, கணக்குப் போட்டு, கட்டுரையாக எழுதி, லண்டன் 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' இதழுக்கு அனுப்பினார். 1906 நவம்பர் இதழில் வெளிவந்தது. அந்த மாசம்தான் அவருக்கு 18 முடிந்தது.

இதழின் பெயரைப் பாருங்க. பௌதிகக் கட்டுரை வருகிற இதழுக்குப் பெயர் தத்துவ இதழ். எல்லைக்கோடு எவ்வளவு புதுசு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

சரி, எம்.ஏ. பௌதிகம், முதல் வகுப்பு, லண்டன் இதழில் கட்டுரை. 'ஸ்கோப்' எப்படி இருந்தது? 1907-இல் ராமன் போட்டித் தேர்வு எழுதி நிதித்துறையில் அதிகாரியாகி, கல்கத்தாவுக்குக் கணக்குப் பார்க்கப் போனார். இந்தியாவில் பௌதிகம் படித்தவனுக்கு அந்தத் துறையில் வேலை இல்லை. ராதாகிருஷ்ணனோ 1909 ஏப்ரலில் பிரசிடென்சியிலேயே ஆசிரியராகச் சேர்ந்துவிட்டார். ஃபர்ஸ்ட் குரூப்புக்குத்தான் ஸ்கோப் என்கிற விதி, பாருங்க, அன்றைக்குத் தலைகீழா இருந்திருக்கு. பத்து வருஷம் ராமன் பகலில் அக்கவுன்டன்ட், காலையும் மாலையும் பௌபஜார் தெருவில் ஒரு சங்கத்தின் லேபில் ஆராய்ச்சி. 1917-இல்தான் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

இதுவரை சொன்னதைக் கேட்டால், ஐந்து கதவு வைத்துப் பிரித்ததே தப்பு, எல்லாரும் எல்லாம் படிக்கணும் என்று தோன்றும். நானும் அந்த முடிவுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். அப்போது மூன்றாவது பையன் குறுக்கே வந்தார்.

எஃப்.ஏ.வில் கதவுகள் கிடையாது. எல்லாமே எல்லாருக்கும் கட்டாயம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் படிக்கவேண்டி இருந்தவை: ஆங்கிலம், கணிதம், சமஸ்கிருதம், கிரேக்க ரோம வரலாறு, உடலியல். ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர எதையும் தொடாததால் ஸ்காலர்ஷிப்பை இழந்தார். 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார். பிறகு சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் எஃப்.ஏ. அங்கே அவரை அடித்துப்போட்டது உடலியல். தவளையை அறுக்கிற பாடம். செரிமானம் பற்றிய கேள்விக்கு, 'எனக்குச் செரிக்காத செரிமானப் பாடம் இது' என்கிற மாதிரி எழுதிவைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1906-இல் ஒரு தடவை ஃபெயில், அடுத்த வருஷம் இன்னொரு தடவை. டிகிரி இல்லாமலே அவர் கதை முடிந்தது, கேம்பிரிட்ஜ் வரும் வரைக்கும்.

ஆக, கதவே இல்லாமல் எல்லாரையும் ஒரே ஹாலில் அடைத்ததால் அடிபட்டவரும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். குரூப் சிஸ்டத்தை ஒரேயடியாகத் திட்ட இப்போ எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தவளையை விட்டுவிடாதீங்க, அதுதான் நம்மளை அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போகுது.

1850-இல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்கிற பௌதிகக்காரர் தவளைக் காலின் நரம்பில் ஒரு பரிசோதனை செய்தார். நரம்பு வழியா தகவல் எவ்வளவு வேகத்தில் போகிறது? அதை அளக்கவே முடியாது, கண்ணிமைக்கிறதுக்குள்ள போயிடும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அவர் அளந்தார். நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர். அவ்வளவுதான், ஓர் எக்ஸ்பிரஸ் ரயில் வேகம். அதாவது தொடுவதற்கும் உணர்வதற்கும் நடுவில் நேரம் இருக்கிறது. நம்ம மொழியில் சொன்னால், மனசுக்கும் லேட்டன்சி உண்டு. நேரம் இருந்தால் அளக்கலாம். அளக்கலாம் என்றால் லேப் வைக்கலாம்.

அதே காலத்தில் லைப்சிக் நகரில் ஃபெக்னர். இவர் பௌதிகப் பேராசிரியரேதான். வண்ணக் கண்ணாடி வழியே சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலையை விட்டவர். வெளியே தூண்டல் எவ்வளவு கூடினால் உள்ளே உணர்வு எவ்வளவு கூடும் என்று ஒரு சமன்பாடு எழுதினார். லாக் போட்ட சமன்பாடு. இருட்டு ரூமில் போன் பிரைட்னஸை ஒரு துளி ஏற்றினால் கண் கூசும்; மத்தியான வெயிலில் பாதி ஏற்றினாலும் வித்தியாசமே தெரியாது. உணர்வு கூடுவது கூட்டலில் இல்லை, விகிதத்தில். 1860-இல் அது புத்தகமாக வந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்த வுண்ட் 1879-இல் அதே லைப்சிக்கில் தொடங்கியதைத்தான் உலகின் முதல் சைக்காலஜி லேப் என்று எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லும்.

அதாவது சைக்காலஜி பிறந்தது பௌதிகக்காரர் கையில். சித்தப்பாவுக்கு வைத்திருந்த முதல் குண்டு இது.

ரெண்டாவது குண்டு ராமனிடமே இருக்கிறது. தன்னை உருவாக்கிய புத்தகங்கள் என்று அவர் மூன்றைச் சொல்லியிருக்கிறார்: புத்தர் கதை சொல்லும் 'லைட் ஆஃப் ஏசியா', யூக்ளிட், அப்புறம் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியைப் பற்றி எழுதிய பெரிய நூல். அந்த மூன்றாவது நூல் என்ன? கம்பி எப்படி அதிர்கிறது என்பது பாதி. அந்த அதிர்வு காதுக்குள் போய் எப்படி 'இனிமை' ஆகிறது என்பது மீதி. முதல் பாதி பிசிக்கல் சயின்ஸ், ரெண்டாவது பாதி மென்டல் சயின்ஸ். ராமன் ரெண்டையும் சேர்த்தே படித்தார். அதிலிருந்துதான் வீணை, வயலின், மிருதங்கம் எல்லாம் ஆராய்ந்தார்.

(எபிசோடில் இந்த இடத்தில் மிருதங்கத்தின் ஒரு தட்டும், சாதாரண டிரம்மின் ஒரு தட்டும் அடுத்தடுத்து ஒலித்தன.)

கேட்டீங்களா? டிரம்மில் வருவது சத்தம், மிருதங்கத்தில் வருவது சுருதி. வட்டமான தோலைத் தட்டினால் வருகிற அதிர்வுகள் இயல்பாக ஒன்றோடொன்று சேராது. வலந்தலையின் நடுவில் இருக்கிற கருப்பு வட்டம், கரணை, அந்த அதிர்வுகளை இழுத்து ஒழுங்கான சுருதி வரிசையில் உட்கார வைக்கிறது. இதை ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இந்த வேலையைக் காதால் மட்டுமே கேட்டுச் செய்து முடித்திருந்த நம்ம ஊர்க் கைவினைஞர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் எந்த டிகிரியும் கொடுத்ததில்லை, அது தனி எபிசோடு. கடைசிக் காலத்தில் ராமன் முழுக்கவே கண், நிறம், பார்வை என்று போய்விட்டார். 1968-இல் பார்வையின் உடலியல் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். பி.ஏ.வில் பிசிக்கல் சயின்ஸ் கதவு வழியா உள்ளே போனவர், எண்பது வயசில் பக்கத்து ரூமில் உட்கார்ந்திருக்கிறார்.

ராதாகிருஷ்ணன் பக்கமும் பார்க்கணும். பிரசிடென்சியில் வேலைக்குச் சேர்ந்தவரை, ஆசிரியர் பயிற்சி வேணும் என்று சைதாப்பேட்டை பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே சைக்காலஜி பாடத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. அவரே சக மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். அந்த விரிவுரைகள் 1912-இல் 'எசன்ஷியல்ஸ் ஆஃப் சைக்காலஜி' என்று சின்னப் புத்தகமாக வந்தன. அறிமுகப் பாடப் புத்தகம்தான், பெரிய ஆராய்ச்சி இல்லை. ஆனால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. நம்ம ஊரில் சைக்காலஜி எந்த வழியா வீடுகளுக்குள் வந்தது என்பதை அது காட்டுகிறது. லேப் வழியா இல்லை, ஆசிரியர் பயிற்சி வழியா. எங்க அத்தை ஸ்கூல் டீச்சர். அவங்க பி.எட். புத்தகம்தான் எங்க வீட்டில் இருந்த ஒரே சைக்காலஜி புத்தகம். பாவ்லோவின் நாயும் தார்ன்டைக்கின் பூனையும் எனக்கு அறிமுகமானது அந்த அட்டை கிழிந்த புத்தகத்தில்தான். மற்றபடி 'மனோதத்துவம்' என்ற சொல் சினிமாவில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசும்போது வரும், அதோடு சரி.

கல்கத்தாவில் கதை வேற. 1916-இல் அங்கே பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியிலேயே சைக்காலஜிக்குத் தனித் துறை ஆரம்பித்தார்கள். நாட்டிலேயே முதல். பொறுப்பேற்ற என்.என். சென்குப்தா ஹார்வர்டில் படித்தவர். ராமன் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்ததும் அதே அறிவியல் கல்லூரியில்தான். 1921-இல் ராதாகிருஷ்ணனும் கல்கத்தா போனார். அவர் ஏற்ற பதவியின் பெயர் என்ன தெரியுமா? மென்டல் அண்ட் மாரல் சயின்ஸ் பேராசிரியர். பதினேழு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் புத்தகத்தோடு நுழைந்த அதே கதவின் பெயர். 1923-இல் இந்திய அறிவியல் மாநாட்டில் சைக்காலஜிக்குத் தனிப் பிரிவும் கிடைத்தது.

சென்னையில் தனித் துறை வந்தது 1943-இல், ஜி.டி. போவாஸ் தலைமையில். கல்கத்தாவுக்கு 27 வருஷம் பிந்தி. அதுவரை இங்கே சைக்காலஜி தத்துவத்தின் வீட்டில் ஒண்டுக்குடித்தனம். சித்தப்பா தலையில் இருக்கிற 'ஆர்ட்ஸ்' அந்த ஒண்டுக்குடித்தன முகவரிதான். இதற்கிடையில் பௌதிகம் பி.ஏ.வை விட்டு பி.எஸ்சி.க்குக் குடி போய்விட்டது. ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர் 1930-இல் அதே பிரசிடென்சியில் வாங்கினது பி.எஸ்சி. ஆனர்ஸ். பாடம் அதே பாடம்தான், பலகை மாறிவிட்டது. பிறகு 1978-இல் பிளஸ் டூ வந்தது. குரூப் என்கிற சொல்லே நம்ம எல்லாருக்கும் தலையெழுத்து மாதிரி ஆனது.

1954-இல் முதன்முதலாக பாரத ரத்னா கொடுத்தபோது மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ராமன். ரெண்டு கதவுக்காரர்களும் ஒரே பட்டியலில்.

இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். தவளையில் ஆரம்பித்து மிருதங்கம் வரைக்கும் சொன்னேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, அவங்கல்லாம் மேதை. இவ பஸ் புடிச்சுப் போய் படிக்கப்போறவ" என்றார். அதுக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் அவர் பயம் சயின்ஸா ஆர்ட்ஸா என்பதில் இல்லவே இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாப் பசங்களும் ஏறுகிற பஸ்ஸில் தன் பொண்ணு மட்டும் ஏறாமல் நிற்பாளே என்பதுதான். அந்தப் பயத்தைச் சரித்திரம் சொல்லித் தீர்க்க முடியாது.

ஆனால் தங்கச்சி என்னைவிட கெட்டிக்காரி. பேசவே இல்லை. விண்ணப்பத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். படிப்பின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். பி.எஸ்சி. சைக்காலஜி.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படித்தார். "பி.எஸ்சி.யா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சிரிப்பு வந்துவிடும் என்று. "ஆவடில இருந்து காலைல எத்தனை மணிக்கு டிரெயின் பாக்கணும்?" என்று சித்தப்பா என்னிடம் கேட்டார்.